மெல்வா நிறுத்துப் பார்த்த பெயர்

மையர்ஹாஃப் குடும்பத்தில் பிறப்பது சாமானியமான காரியம் இல்லை என்று அந்தக் குடும்பத்தில் பிறந்த எல்லாரும் சொல்வார்கள். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மிசூரி ஆற்றுக்குத் தெற்கே நியூ டெக்லன் என்ற எண்ணூறு பேர் ஊரில் நூற்றறுபது பேருக்கு அந்தப் பெயர். மீதி அறுநூற்று நாற்பது பேரை அந்தப் பெருமையைக் கேட்பதற்கென்றே ஆண்டவர் படைத்திருந்தார்.

மெல்வா அந்த நூற்றறுபதில் ஒருத்தியாகப் பிறந்தாள். இருபத்திரண்டு வயதில் மீதிப் பேரோடு சேர்ந்துகொண்டாள். வில்பர்ட் லூக்கிங்கைக் கட்டிக்கொண்டதுதான் அவள் செய்த ஒரே குற்றம்.

சார்லட் ஓடைக்கு இந்தப் பக்கம் மையர்ஹாஃப் நிலங்கள். கறுப்பு மண். விதையைக் கீழே தவறவிட்டாலும் மக்காச்சோளம் வரும். அந்தப் பக்கம் லூக்கிங் நிலம். கல்லும் களிமண்ணும். அதில் துரு மட்டும் நன்றாக விளையும் என்று கண்டுகொண்ட லூக்கிங்குகள் பழைய கார்களை வாங்கிப் போட்டு, உடைத்து, பாகம் பாகமாக விற்றுப் பிழைத்தார்கள். மையர்ஹாஃப் வீட்டுக் கார் நின்றுபோனால் ஓடையைத் தாண்டி வந்து கதவும் கண்ணாடியும் வாங்கிப் போவார்கள். பெண் கொடுக்க மட்டும் ஓடைப் பாலம் அவர்களைத் தாங்காது.

கல்யாணத்துக்கு மெல்வாவின் அப்பா வரவில்லை. முதுகுவலி என்றார். அதே மதியம் அவர் வைக்கோல் கட்டுகளைத் தூக்கி ஏற்றியதை ஊரே பார்த்தது.

மெல்வா நாற்பத்து மூன்று வருஷம் ஊர் தானியக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்திருந்தாள். லாரி நிறைந்து வரும். ஒரு தடவை நிறுப்பாள். கொட்டிவிட்டுக் காலியாக வரும். இன்னொரு தடவை நிறுப்பாள். முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் சோளம். மற்றதெல்லாம் இரும்பும் டிரைவரும். "என் லாரி காலியா எவ்வளவுன்னு எனக்கே தெரியும் மெல்வா, இன்னொரு தடவ எதுக்கு?" என்று எத்தனையோ குடியானவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். "உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே" என்பாள். அவளுடைய மாமா ஒருவர் சீட்டுக்கு அடியில் நாலு மூட்டை உப்பை வைத்து நிறுத்துவிட்டு, கொட்டும் இடத்தில் அதையும் இறக்கிவிட்டு வந்தபோது பிடித்தவள் அவள்தான். மையர்ஹாஃப்கள் அதை மன்னிக்கவே இல்லை. உப்பு வைத்தவரை அந்த ஞாயிற்றுக்கிழமையே மன்னித்துவிட்டார்கள்.

வில்பர்டுக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. சிரித்துக்கொண்டே இருக்கிற ஆள் அவன். "உங்க வீட்டு ஆளுங்க என்ன கார் பார்ட்ஸ் மாதிரி பாக்குறாங்க மெல்வா. வேணும்போது தேடுவாங்க, வீட்டுக்குள்ள வைக்க மாட்டாங்க" என்பான். ஒரே ஒரு தடவைதான் அவன் சிரிக்காததை அவள் பார்த்திருக்கிறாள். 1979 மார்ச்சில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. லைல் என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது நாள் இருந்தான்.

சர்ச்சுக்குப் பின்னால், பெரிய ஓக் மரத்தடியில், மையர்ஹாஃப் குடும்பத்துக்கென்று தனியாக வேலி போட்ட கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு பதிவேடு, பதிவேட்டுக்கு 1911-இல் திருத்தி எழுதிய விதிகள். நாலாவது விதிப்படி, அமெரிக்காவுக்கு வந்து குடும்பத்தை நிறுவிய ஜோகன் ஹைன்ரிச் மையர்ஹாஃபின் தகப்பனார் வழியில் ஆண் வாரிசாக வந்த எவரும் அங்கே படுக்கலாம். அவர்களின் மனைவிமார் படுக்கலாம். பெண்மக்கள் படுக்கலாம். பெண்மக்களின் சின்னக் குழந்தைகளும் படுக்கலாம். பெண்மக்களின் புருஷன்மாரைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததெல்லாம் கூடாது என்று அர்த்தம்.

ஆக, லைலுக்கு இடம் கிடைத்தது. வில்பர்ட் தன் கையாலேயே அந்தச் சின்னக் குழியைத் தோண்டினான். ஒவ்வொரு மார்ச்சிலும் வேலிக்கு வெளியே டிரக்கை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் புல்லை வெட்டிவிட்டு வருவான். போன அக்டோபரில் படுக்கையில் கிடந்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்.

"என்ன எங்க வேணா வை. ஆனா முடிஞ்சா அந்தப் பயலுக்குப் பக்கத்துல வை."

அவனை எரித்த சாம்பலை ஒரு மரப்பெட்டியில் கொடுத்தார்கள். மெல்வா அதைச் சமையலறை அலமாரியில், காப்பி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்டனைப் பார்க்கப் போனாள்.

எல்டன் மையர்ஹாஃப் அவளுடைய பெரியப்பா மகன். இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். கல்லறைச் சங்கத்துக்குத் தலைவர், ஆகஸ்ட் மாதக் குடும்பக் கூடலுக்கும் தலைவர், பேச ஆள் கிடைத்த எல்லாவற்றுக்கும் தலைவர். அவருடைய முன்னறையில் குடும்பச் சின்னம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. சிங்கம் கோதுமைக் கதிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தபால் கேட்லாகில் வரவழைத்தது. அதே கம்பெனி, அதே சிங்கத்தை, கதிருக்குப் பதிலாகச் சாவி கொடுத்து, அடுத்த தெரு தபால்காரர் குடும்பத்துக்கும் அனுப்பியிருந்தது. இதை எல்டனிடம் யாரும் சொல்லவில்லை. வயதானவர், பாவம்.

மெல்வா விஷயத்தைச் சொன்னாள். எல்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முடியாது என்று சொல்லப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

"வில்பர்ட் நல்ல மனுஷன் மெல்வா. நான் என்னைக்காவது இல்லன்னு சொல்லியிருக்கேனா?"

"ஆமாம்னும் சொன்னதில்லையே."

"இது ஆளப் பத்தின விஷயம் இல்ல. ரத்தத்தப் பத்தினது. விதி நான் எழுதினதா? நூறு வருஷத்துக்கு முன்னாடி பெரியவங்க எழுதினது. இன்னைக்கு லூக்கிங்க விட்டா, நாளைக்கு…" எல்டன் நாளைக்கு வரக்கூடிய பயங்கரத்தை யோசித்துப் பார்த்தார். அகப்படவில்லை. "நாளைக்கு யார் வேணா வருவாங்க."

"எல்லாரும் செத்துதான் வரணும் எல்டன். கூட்டமெல்லாம் அலைமோதாது."

"உனக்கு அங்க இடம் இருக்கு. கொழந்தைக்கு இருக்கு. அத யாரும் மறுக்கல."

"நடுவுல இருந்த ஆளுக்குத்தான் இல்ல."

எல்டன் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "அவன் தகப்பன்வழியில நம்ம ரத்தம்னு ஒரு பேப்பர் கொண்டா. அன்னைக்கே நானே மண்வெட்டி எடுக்குறேன்" என்றார். நகைச்சுவையாகச் சொல்லிவிட்டதாக நினைத்துச் சிரிக்கவும் செய்தார். மெல்வா சிரிக்கவில்லை. எடைமேடையில் யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அவள் எப்படித் தலையாட்டிக் குறித்துக்கொள்வாளோ அப்படித் தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

வில்பர்டுக்குள் மையர்ஹாஃப் ரத்தத்தைத் தேடுவதற்கு அவள் போகவில்லை. அந்த அளவுக்கு அவளுக்குப் பேராசை கிடையாது. எங்கேயாவது ஒரு லூக்கிங் பையன் ஒரு மையர்ஹாஃப் பெண்ணைக் கட்டிய கதை கிடைத்தால் எல்டனின் மனசு கொஞ்சம் இளகும் என்றுதான் நினைத்தாள். அதற்கு முதலில் ஜோகன் ஹைன்ரிச் எப்போது, யார் யாரோடு வந்தார் என்று பார்க்க வேண்டும். அங்கேயே வண்டி நின்றது.

முப்பது வருஷமாக மையர்ஹாஃப்கள் தங்கள் மூதாதை வந்த கப்பலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1845-ஆம் வருஷம் நியூ ஆர்லியன்ஸில் இறங்கி, நீராவிப் படகில் ஆறேறி வந்தார் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்வது. அந்த வருஷத்துப் பயணிகள் பட்டியல் முழுவதையும் மையர்ஹாஃப், மேயர்ஹோஃப், மைரோஃப், மேயர், மையர் என்று எத்தனை விதமாக எழுதிப்பார்க்க முடியுமோ அத்தனை விதமாகவும் தேடிவிட்டார்கள். ஆள் இல்லை. இதற்கு எல்டனிடம் ஒரு விளக்கம் இருந்தது: கப்பல் எழுத்தன் குடிகாரன். நியூ டெக்லனில் மூதாதையைத் தொலைத்த எல்லாக் குடும்பங்களுக்கும் இதே விளக்கம்தான். அந்த நூற்றாண்டில் அமெரிக்கத் துறைமுகங்களில் நிதானத்தோடு இருந்த எழுத்தன் ஒருவன்கூட இல்லை போலும்.

மெல்வா அந்த எழுத்தனின் பட்டியலைத் தாளாகத் தாளாகப் பார்த்தாள். கோடு போட்டு, வயது எழுதி, பெட்டிகளின் எண்ணிக்கை எழுதி, கடைசியில் கூட்டல் போட்டிருந்தான். கூட்டல் சரியாக இருந்தது. அவள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள்.

"இந்த ஆள் குடிக்கல" என்றாள் அலமாரியைப் பார்த்து. வில்பர்ட் மறுத்துப் பேசவில்லை.

அன்றைக்கு அவள் பெயரைத் தேடுவதை விட்டாள். லாரியின் கதவில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து அவள் என்றைக்கும் சோளத்தை அளந்ததில்லை. ஐந்து வருஷம் கழித்து எடுத்த ஜனக்கணக்கிலிருந்து ஜோகன் ஹைன்ரிச் குடும்பத்தின் வயதுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தைக் கழித்தாள். புருஷனுக்கு நாற்பத்தொன்று. பெண்டாட்டிக்கு நாற்பத்தொன்பது. பையன்கள் பதினாலு, பதினொன்று. பெண் எட்டு. பெண்டாட்டி எட்டு வயது மூத்தவள். முப்பது வருஷ ஆராய்ச்சியில் இது ஒரு மையர்ஹாஃபின் கண்ணிலும் உறுத்தவில்லை. சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தொன்று, நாற்பத்தொன்பது, பதினாலு, பதினொன்று, எட்டு. ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பட்டியலில் விரலை ஓட்டினாள். பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஐந்து பேரும் கிடைத்தார்கள். நவம்பரில் இறங்கியிருக்கிறார்கள். பெட்டிகள் இரண்டு. பெயர்: லூக்கிங்.

மெல்வா எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். அப்போதும் லூக்கிங்தான்.

ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு அவள் ஆட மாட்டாள். நிறைந்த லாரிதான் நிறுத்தாகியிருக்கிறது. காலி லாரி இன்னும் வரவில்லை. பட்டியலில் குறித்திருந்த ஜெர்மன் ஊர்ப் பக்கத்து சர்ச் ஏடுகளைப் படம் பிடித்து மாதச் சந்தாவுக்குக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தா கட்டினாள். பழைய ஜெர்மன் கையெழுத்து அவளுக்குப் படிக்க வராது. எல்லா எழுத்தும் சாய்ந்த வேலிக்கால் மாதிரி இருக்கும். எழுத்து அட்டவணை ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, கடைச் சாமான் லிஸ்டை அந்த எழுத்திலேயே எழுதிப் பழகினாள். இரண்டு வாரம் தப்பான சாமான்களாக வாங்கி வந்தாள். மூன்றாவது வாரம் முட்டை சரியாக வந்தது. ஏட்டைத் திறந்தாள்.

1830-ஆம் வருஷத்துக் கல்யாணப் பக்கத்தில் அவர் இருந்தார். ஜோகன் ஹைன்ரிச் லூக்கிங், வயது இருபத்தாறு, கூலிக்காரர் ஹெர்மன் லூக்கிங்குக்கும் ஆன்னே இல்சபைனுக்கும் பிறந்தவர். மணப்பெண், மையர்ஹாஃப் பண்ணையின் விதவை. ஓரத்தில் போதகர் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார். அது மட்டும் மெல்வாவுக்குப் பிடிபடவில்லை. படத்தை எடுத்து, அந்த ஊர் ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதினாள். மூன்று வாரத்தில் அங்கே வேலை பார்க்கும் ஓர் அம்மாள் பொறுமையாகப் பதில் போட்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெயர் மனிதனுக்குச் சொந்தம் இல்லை, பண்ணைக்குச் சொந்தம் என்று எழுதியிருந்தாள் அந்த அம்மாள். பண்ணைக்காரன் சின்னக் குழந்தையை விட்டுவிட்டுச் செத்துப்போனால், விதவைக்கு இன்னொருவனைக் கட்டிவைப்பார்கள். அவன் பண்ணையின் பெயரைப் போட்டுக்கொண்டு, குழந்தை வளர்ந்து ஆளாகும்வரை பண்ணையைப் பார்த்துக்கொள்வான். ஓரத்தில் எழுதியிருப்பது இதுதான்: வாரிசுக்கு இருபத்தைந்து வயது ஆகும்வரை, பதினைந்து வருஷத்துக்கு.

1830-உம் பதினைந்தும் 1845. மெல்வா இதை மட்டும் ஒரே தடவைதான் கூட்டினாள்.

ஆக, சிங்கமும் கோதுமைக் கதிரும் கொண்ட குலத்தின் ஆதித் தகப்பன், பண்ணைக்கு இரவல் ஆளாக வந்தவர். கூலிக்காரர் மகன். அந்த விதவையின் முதல் புருஷனின் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது ஆனதும், பெண்டாட்டி பிள்ளைகளோடு இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர். கப்பலில் தன் சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். மிசூரியில் இறங்கியதும் பழையபடி மையர்ஹாஃப் ஆகிவிட்டார். பதினைந்து வருஷம் 'ஐயா' என்று கூப்பிடக் கேட்டுப் பழகிய காது. இங்கே அவரிடம் வந்து பெயரைத் திருப்பிக் கேட்கப் பண்ணைக்காரர் யாரும் கிடையாது. பண்ணையே கிடையாது.

மறுநாள் காலை மெல்வா ஓடையைத் தாண்டி வில்பர்டின் தம்பி ஹார்லிஸைப் பார்க்கப் போனாள். அவன்தான் இப்போது கார் உடைக்கும் இடத்தை நடத்துகிறான்.

"ஹார்லிஸ், உங்க குடும்ப பைபிள் எங்க?"

"ஆஃபீஸ்ல ஃபேனுக்கு அடியில இருக்கு அண்ணி. அத எடுத்தா ஃபேன் ஆடும்."

"ஆடட்டும். குடு."

பைபிளின் முதல் தாளில், எண்ணெய்க் கறைக்கு நடுவில், 1852-இல் வந்த முதல் லூக்கிங்கின் பெயர் இருந்தது. ஃபிரெட்ரிச். பிறந்தது 1810. தகப்பன் ஹெர்மன், தாய் ஆன்னே இல்சபைன். அதே கிராமம். மெல்வா வீட்டுக்குப் போய் சர்ச் ஏட்டில் அந்த வருஷத்தைத் திறந்து அவரையும் பார்த்துவிட்டாள். ஜோகன் ஹைன்ரிச்சின் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் போன ஊருக்கே தேடி வந்திருக்கிறார். மாவட்ட அலுவலகத்தின் பழைய கிரயப் புத்தகத்தில் அடுத்ததும் கிடைத்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலத்தை அவருக்கு விற்றவர் ஜோகன் ஹைன்ரிச் மையர்ஹாஃப். தம்பிக்கென்று பார்த்துப் பார்த்து, கல்லாகப் பொறுக்கிச் சேர்த்த மாதிரி ஒரு நிலம்.

காலி லாரியும் நிறுத்தாகிவிட்டது.

பைபிளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஹார்லிஸிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"இரு அண்ணி. அப்ப எல்டனும் நானும் பங்காளிங்களா?"

"ஆமா."

"சீச்சீ" என்றான் ஹார்லிஸ். "நாலு தலமொறையா நிம்மதியா இருந்தோம். உனக்கு இந்தக் குளிர்காலத்துல வேற வேலையே கெடைக்கலையா?"

"உன் அண்ணன லைல் பக்கத்துல வைக்கணும்."

ஹார்லிஸ் கையைத் துணியில் துடைத்தான். "அதுக்குன்னா சரி" என்றான். "ஆனா கூடலுக்குப் போடுற அந்தச் சிங்கப் பனியன மட்டும் நான் போட மாட்டேன்."

மே மாதம், தாள்களை வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டு மெல்வா எல்டன் வீட்டுக்குப் போனாள். எல்டன் ஒவ்வொன்றாகப் படித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. நடுவில் ஒரு தடவை சிங்கத்தை நிமிர்ந்து பார்த்தார். சிங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது வேற ஜோகன் ஹைன்ரிச்சா இருக்கலாம்" என்றார். "ஜெர்மனிப் பக்கம் பாதிப் பேருக்கு அந்தப் பேருதான்."

"பொண்டாட்டி பேரு, மூணு பிள்ளைங்க பேரு, அஞ்சு பேரோட வயசு. எல்லாம் இருக்கு. இன்னொரு தடவ வேணா நிறுத்துப் பாரு."

எல்டன் நிறுத்துப் பார்க்கவில்லை. "அப்ப கஸ்பர்?" என்றார்.

கஸ்பர் மையர்ஹாஃப் செயின்ட் லூயிஸில் பீர் காய்ச்சிப் பணக்காரரானவர். பண்ணையை எடுத்துக்கொண்ட அந்த வாரிசின் பேரன். பின்னால் அமெரிக்காவுக்கு வந்தவர். தோட்டத்தின் நட்டநடுவில் பதினாறடி கிரானைட் தூணுக்கு அடியில் படுத்திருக்கிறார். நிறுவனரின் நேர்வாரிசுகளுக்கு மட்டும் என்று இருந்த விதியை, 1911-இல், 'நிறுவனரின் தகப்பனார் வழி' என்று அகலப்படுத்தியதே அவரை உள்ளே கொண்டுவரத்தான். அந்த வருஷம் அவர் சர்ச்சுக்கு மணி வாங்கிக் கொடுத்திருந்தார். உடம்பும் சரியில்லாமல் இருந்தது. குடும்பத்தார் இரண்டையும் கவனித்துச் செயல்பட்டார்கள்.

"கஸ்பர் நெஜமான மையர்ஹாஃப்" என்றாள் மெல்வா. "பண்ணை ரத்தம். நம்ம ஜோகன் ஹைன்ரிச்சோட தகப்பன் வழில ஒரு சொட்டுகூட கெடையாது. விதிப்படி பாத்தா அந்தத் தூணுக்கு அங்க வேல இல்ல. வில்பர்டுக்கு இருக்கு."

எல்டன் எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றார். திரும்பியபோது இன்ஷூரன்ஸ்காரராக இருந்தார். பாலிசி விற்கும் அந்தச் சிரிப்பை மெல்வாவுக்கு நன்றாகத் தெரியும்.

"இங்க பாரு மெல்வா. வில்பர்ட கொண்டுவா. நாளைக்கே கொண்டுவா. ஓக் மரத்தடியில, கொழந்தைக்கு ஒட்டினாப்புல வச்சிரலாம். யாரும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க, நான் பாத்துக்குறேன். இந்தப் பேப்பரெல்லாம் மட்டும்… உங்கிட்டயே இருக்கட்டும். எதுக்கு எல்லாரையும் சங்கடப்படுத்தணும்? டீ-ஷர்ட்டெல்லாம் அச்சாயிருச்சு."

மெல்வா யோசித்தாள். ஏழு மாதமாகப் பெட்டி அலமாரியில் இருக்கிறது. அவளுக்கு வேண்டியது இதுதான், நாளைக்கே நடக்கும். வில்பர்டாக இருந்தால் 'சரின்னு சொல்லு மெல்வா, பயலுக்குப் பக்கத்துல எடம் கெடச்சாப் போதும்' என்று சொல்லிச் சிரித்திருப்பான். அவள் வாயைத் திறந்து "சரி" என்று சொல்லியும் விட்டாள்.

எல்டன் கையை நீட்டினார். மெல்வா கையைக் கொடுக்கவில்லை.

"பதிவேட்டுல நாலாவது கட்டத்துல என்ன எழுதுவ?" என்று கேட்டாள்.

எல்டனின் கை அந்தரத்தில் நின்றது.

பதிவேட்டில் ஐந்து கட்டங்கள். பெயர், பிறப்பு, இறப்பு, 'எந்த உரிமையில்', கையெழுத்து. நாலாவது கட்டம் காலியாக இருந்தாலோ, விதியில் இல்லாத உரிமை எழுதியிருந்தாலோ அந்த அடக்கம் செல்லாது. தோண்டி எடுத்து வெளியே வைக்கலாம் என்று ஏழாவது விதி. எழுதியதை ஆகஸ்ட் கூடலில், சாப்பாட்டுக்கு முன்னால், தலைவர் எழுந்து நின்று எல்லாருக்கும் வாசிக்க வேண்டும் என்று எட்டாவது விதி. விதியை மாற்ற வேண்டுமென்றால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் கைதூக்க வேண்டும் என்று ஒன்பதாவது விதி. நூற்றறுபது மையர்ஹாஃப்கள் உருளைக்கிழங்கு சாலட்டில் கடுகு போடலாமா என்பதிலேயே இன்றுவரை ஒத்துப்போனதில்லை.

"தலைவர் அனுமதின்னு எழுதிரலாம்" என்றார் எல்டன்.

"அப்படி ஒரு உரிமை விதியில இல்ல."

"மாப்பிள்ளைன்னு எழுதலாம்."

"அதுவும் இல்ல. நீ செத்ததும் அடுத்த தலைவர் வருவாரு. கட்டத்தப் பாப்பாரு. என் புருஷன தோண்டி எடுத்து வேலிக்கு வெளிய வைப்பாரு. நான் அப்ப உயிரோட இருக்க மாட்டேன், சண்ட போடுறதுக்கு." மெல்வா தாள்களை அடுக்கினாள். "எனக்குப் பேப்பர நோட்டீஸ் போட்டு ஒட்டணும்னு ஆசை இல்ல எல்டன். கட்டத்துல சரியா எழுது, அது போதும். எழுத முடியாதுன்னா சொல்லு. கூடல்ல எழுந்து நான் கஸ்பரப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேக்குறேன்."

ஆகஸ்ட் முதல் ஞாயிறு. சர்ச் பூங்காவின் கொட்டகையில் நூற்றுச் சொச்சம் பேர் நீலப் பனியனில் சிங்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நீள மேசையில் ஈரல் சாசேஜ், ஊறவைத்த முட்டைக்கோஸ், கடுகு போட்ட சாலட், கடுகு போடாத சாலட், வெயிலில் மெதுவாகத் தன் வடிவத்தை மறந்துகொண்டிருந்த பச்சை ஜெல்லி. கடைசி பெஞ்சில் ஹார்லிஸ் வேலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி நாலடிக்கு ஆளில்லை.

எல்டன் பதிவேட்டைத் திறந்தார். அந்த வருஷத்தில் பதிந்தது மூன்று பேர். முதல் இரண்டையும் கணீரென்று வாசித்தார். மூன்றாவதுக்கு வந்ததும் ரொம்ப வேகமாக வாசித்தார். இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை வாடிக்கையாளருக்கு வாசிக்கிற வேகம்.

"வில்பர்ட் ஃபிரெட்ரிச் லூக்கிங் எந்த உரிமையில் நிறுவனர் ஜோகன் ஹைன்ரிச்சின் தகப்பனாரான ஹெர்மன் லூக்கிங்கின் வழியில் நிறுவனரின் தம்பியான ஃபிரெட்ரிச்சின் மகனின் மகனின் மகனின் மகனாகப் பிறந்த உரிமையில், ஆமென், சாப்பிடலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"எல்டன்," என்றார் காது மந்தமான ஒரு பெரியவர், முன் வரிசையிலிருந்து. "நிறுவனரோட அப்பா பேரு லூக்கிங்னா வாசிச்ச?"

"ஜெல்லி உருகுது" என்றார் எல்டன்.

"மறுபடி வாசி. மெதுவா."

மறுபடி வாசித்தார். மெதுவாக. வாசித்து முடித்தபோது நூற்றுச் சொச்சம் சிங்கங்களும் ஒரே நேரத்தில் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தன. ஹார்லிஸ் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான்.

"என்னப் பாக்காதீங்க" என்றான். "எனக்கும் அதே அதிர்ச்சிதான்."

அந்த வருஷம் கடுகு போட்ட சாலட்டும் போடாத சாலட்டும் தொடப்படாமலே வீட்டுக்குப் போயின. அடுத்த மாதம் எல்டன் முன்னறையில் சிங்கம் இருந்த இடத்தில் ஒரு கடிகாரம் தொங்கியது. சுவரில் கடிகாரத்தைவிடப் பெரிய சதுரமாக வெளுப்புத் தெரிந்தது. கஸ்பரின் தூணைப் பற்றி யாரும் பேசவில்லை. பதினாறடித் தூணைப் பார்க்காமல் நடக்க ஊர் பழகிக்கொண்டது.

வாசித்த பிறகுதான் பெட்டியைத் தருவேன் என்று மெல்வா சொல்லியிருந்ததால், வில்பர்டை அடக்கம் செய்தது கூடலுக்கு மறுநாள், திங்கட்கிழமை. வழியில் மெல்வா தானியக் கிடங்கில் டிரக்கை நிறுத்தி, எடைமேடையில் ஏற்றினாள். பெட்டியைச் சீட்டில் விட்டுவிட்டு அவள் மட்டும் இறங்கி நின்று ஒரு தடவை, பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நின்று ஒரு தடவை. முள் இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் நின்றது. இருபது பவுண்டுக்குக் கீழே அந்த மேடைக்குக் கண் தெரியாது. நாற்பத்து மூன்று வருஷமாக அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஏறி உட்கார்ந்து, பெட்டிக்கும் சீட் பெல்ட் போட்டுவிட்டு ஓட்டினாள்.

ஓக் மரத்தடியில் எல்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், மண்வெட்டி எடுத்தார். நாலு வெட்டில் மூச்சு வாங்கியது. ஹார்லிஸ் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"தேங்க்ஸ்… பங்காளி" என்றார் எல்டன், முதல் தடவையாக.

"கார் பார்ட்ஸுக்கு வெல கொறைப்பேன்னு நெனச்சுச் சொல்லாதீங்க" என்றான் ஹார்லிஸ். ஆனால் குழியை ஒழுங்காக, லைலின் சின்னக் கல்லுக்குச் சரியாக ஒட்டித் தோண்டினான்.

பெட்டியை மெல்வாவே மண்டியிட்டு இறக்கினாள். பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, எல்டன் கக்கத்தில் வைத்திருந்த பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தாள். பெயர். பிறப்பு. இறப்பு. உரிமை. ஐந்தாவது கட்டத்தில் எல்டனின் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை.

"தேதி?" என்றாள்.

எல்டன் பேனாவைத் தேடி எடுத்து எழுதினார். மெல்வா மை காயும்வரை ஊதிவிட்டு, ஏட்டை மூடிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் ஹார்லிஸைப் பார்த்து மண்ணைத் தள்ளச் சொன்னாள்.